ஷட்டருக்கு உள்ளே யாரோ

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். தெய்வ கிருபையில் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாரா, இல்லை மருந்துக்கடை வைத்திருப்பவருக்கே மருந்து மறந்து போகிறதா?

வீடு இன்னும் கைக்கு வரவில்லை. புதுக் கம்பெனி தருவதாகச் சொன்ன வீட்டில் வேலை முடியவில்லையாம். அதுவரை ஒரு லாட்ஜில் மாடி அறை. கட்டில் ஒன்று, ஜன்னல் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் தண்ணீர்க் குழாய். வாலு அதைப் பார்த்துவிட்டு, "வியூ நல்லா இருக்கும்மா"ன்னு சொல்கிறாள். ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் இந்தப் பேச்சு.

சாமான்களைத்தான் எங்கே கொட்டுவது என்று தவித்தோம். இந்த ஊரில் அதற்கென்றே அறைகள் வாடகைக்கு விடுகிறார்கள். ஸ்டோரேஜ் என்று பெயர். நீளமாக ஒரு தகரக் கொட்டகை, நடுவில் நடை, இரண்டு பக்கமும் வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். அறை அவர்களுடையது, பூட்டும் சாவியும் நம்முடையது. வாசலில் ஒரு வாட்ச்மேன், ஒரு சின்ன ஆபீஸ். நம் குடும்பமே அட்டைப்பெட்டிகளாக உள்ளே அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் எண் போட்டு, பாச்சை உருண்டை போட்டு வைத்தேன். சாமி படங்களை மட்டும் அங்கே விட மனம் வரவில்லை. லாட்ஜ் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

போனில் பேசலாம் என்றால் செல்போன் அவரிடம். லாட்ஜ் போன் ரிசப்ஷனில் இருக்கிறது. அங்கே நின்று பேசினால் ஊருக்கே செய்தி வாசித்த மாதிரி. எனக்குக் கடிதம்தான் சரி.

பெரியவர்களுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தங்கை

---

ஜூன் 17

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, மாடிப்படிதான் கூடிவிட்ட மாதிரி தெரிகிறது. அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? வாலுவுக்குச் சளி பிடித்தால் வெந்நீர் மட்டும் கொடு, கண்ட கண்ட சிரப் வேண்டாம் என்று அத்தானே சொல்கிறார். அவர் வியாபாரம் விளங்கிவிடும்.

சாமானுக்கு ஒரு வீடு, மனுஷருக்கு ஒரு வீடா? சாமானுக்குத்தான் பெரிய இடம் போல. நீ அந்தப் பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருப்பாய் என்று அத்தானிடம் பந்தயம் கட்டினேன். வாசல் பூட்டை இழுத்துப் பார்க்க நீ பாதி வழியில் திரும்பியதால் நாம் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறோம். கல்யாண வீட்டில்கூட உன்னைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

உன் வீட்டுக்காரருக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? அவர் வரைகிற கட்டட வரைபடம் ஒன்றை அத்தான் கடையில் மாட்டி வைத்திருக்கிறாரே, வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சகலை பெருமை தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கம். நாங்கள் நலம். வாலுவுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. அங்கே எல்லாருடைய உடம்பும் எப்படி?

வீடு இன்னும் இல்லை. கேட்டால், "பெயின்ட் அடிக்கிறாங்க, கொஞ்சம் பொறு" என்கிறார். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, அடையாள அட்டையைப் பையில் சொருகி, சாப்பாட்டுத் தூக்கோடு போகிறவர், இருட்டியபின் வருகிறார். பேச்சு குறைந்துவிட்டது. புது இடம், வேலை அதிகம் என்று நானும் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவர் சட்டையெல்லாம் பாச்சை உருண்டை வாடை அடிக்கிறது. "ஆபீஸ்ல பழைய பைல் ரூம் பக்கம் சீட்டு"ன்னு சொன்னார்.

சனிக்கிழமைதோறும் ஸ்டோரேஜுக்குப் போய், வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு வருவேன். போன சனிக்கிழமை மழைக்கோட்டு எடுக்கப் போனேன். ஒன்பதாம் பெட்டி இருந்த இடத்தில் இல்லை. அடியில் வைத்த பெட்டி மேலே இருக்கிறது. பிரித்து உறை கட்டி வைத்த நாற்காலி ஒன்று உறையில்லாமல் நிற்கிறது. நான் அப்படி வைக்கவில்லை, அக்கா. எனக்குத் தெரியும்.

வாட்ச்மேனைக் கேட்டேன். "சாமானுக்குக் கால் முளைக்குமாம்மா? நீங்களே மாத்தி வச்சிட்டு மறந்திருப்பீங்க" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வேறு எங்கோ பார்த்துச் சிரித்தான்.

வீட்டில் சொன்னேன். அவர் தலை நிமிரவே இல்லை. வாலு மட்டும், "அம்மா பெட்டிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாப்பா" என்றாள்.

பதில் போடு.

தங்கை

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த அறைக்குள் யாரோ வந்து போகிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை ஷட்டரைத் தூக்கினேன். நம் சோபா, பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நடுவுக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் டீ மேசை. மேசைமேல் நம் எவர்சில்வர் டம்ளர். அது பாத்திரப் பெட்டியில் காகிதம் சுற்றி வைத்தது. அடியில் டீ இன்னும் காயவில்லை, அக்கா. பக்கத்தில் முந்தின நாள் செய்தித்தாள், ஒழுங்காக நாலாக மடித்து. திருடன் என்றால் எதையாவது தூக்கிக்கொண்டு போக வேண்டாமா? ஒரு ஸ்பூன் குறையவில்லை. வந்து உட்கார்ந்து, டீ குடித்து, பேப்பர் படித்து, பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதுதான் எனக்குத் திருட்டைவிடப் பயமாக இருக்கிறது.

நான் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். எடுக்கப் போன போர்வையைக்கூட எடுக்கவில்லை. அந்த நடையில் பகலிலும் ஒரே ஒரு டியூப் லைட்தான். இரண்டு பக்கமும் மூடின ஷட்டர்கள். நாம் நடக்கிற சத்தம் தகரத்தில் பட்டு, பின்னால் யாரோ வருகிற மாதிரியே கேட்கும்.

ஆபீஸ் பெண்ணிடம் சொன்னேன். பூட்டு உடையவில்லையே, சாவி உங்ககிட்டதானே என்று கேட்டாள். சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். அவரிடம் கேட்டேன், "உங்க சாவி பத்திரமா இருக்கா?" என்று. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கு. நீ சும்மா பயப்படாதே" என்றார். சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அவருக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீயும் அத்தானும் என்ன நினைக்கிறீர்கள்? போலீசில் சொல்லலாமா? உடனே எழுது.

தங்கை

---

ஆகஸ்ட் 30

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையில் கணக்கு பார்க்கிற வேலை.

நீ எழுதியதை அத்தானிடம் படித்துக் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். போலீஸ் கீலீஸ் வேண்டாம். ஊர் புதுசு. பூட்டையும் மாற்ற வேண்டாம், கிடங்குக்காரர்களுக்குப் பிடிக்காதாம். சாமான் ஒன்றும் போகவில்லை இல்லையா, விடு. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் இரு. போனாலும் சனிக்கிழமை மட்டும் போ.

உன் வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? அவரை எதற்கும் அதட்டாதே.

அக்கா

---

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். உன் எழுத்துதான், ஆனால் நீ எழுதின மாதிரி இல்லை. ஒரு கேலி இல்லை, ஒரு திட்டு இல்லை. கடையில் நீ என்றைக்குக் கணக்கு பார்த்தாய்? பூட்டு நம்முடையது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தவள் நான். மாற்றினால் யாருக்குப் பிடிக்காது?

அவரை அதட்டாதே என்கிறாய். நான் எங்கே அதட்டினேன்? அவரோடு பேச்சே இல்லை. ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். சில நாள் வேலை முடியவில்லை என்று மறுநாள் காலையில்தான் வருகிறார். வாலு போன வாரம், "அப்பா ஆபீசை எனக்குக் காட்டுங்க" என்றாள். "அங்க குழந்தைகளை விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? அந்த ஆள் நம்மைத் தெரிந்தவன். நம் சாமானை எங்கே எப்படிப் போட்டால் நம் வீடு மாதிரி இருக்கும் என்று தெரிந்தவன். நாளைக்கு லாட்ஜுக்கே வந்தால்? வாலு பள்ளிக்கூடம் விட்டுத் தனியாகத்தான் நடந்து வருகிறாள். நான் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறேன்.

கடைத்தெருவில் பெரிய பூட்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கப் போகிறேன். இந்தத் தடவை சனிக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன். நான் வருவேன் என்று தெரிந்துதான் சனிக்கிழமைகளில் அவன் இருப்பதில்லை.

தங்கை

---

செப்டம்பர் 9

என் கண்ணான தங்கச்சிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். லாட்ஜுக்குப் போன் போட்டேன், ரிசப்ஷன் பக்கத்தில் நின்று நீ இதைக் கேட்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு படி.

அந்த அறைக்குள் வந்து போவது வேறு யாருமில்லை. உன் வீட்டுக்காரர்தான்.

அவருக்கு அந்த வேலை ஜூலையிலேயே போய்விட்டது. கம்பெனியில் வரைபடம் எல்லாம் இனி கம்ப்யூட்டரிலேயே போடுவார்களாம், இவர் கை வேலைக்கு இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி வீடு என்று ஒன்று வரப்போவதில்லை. உன்னிடம் சொல்ல அவருக்கு முகமில்லை. அத்தான் கடைக்குப் போன் செய்து, "சகலை, வேற வேலை கிடைச்சதும் நானே அவகிட்ட சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டிருக்கிறார். இவரும் பண்ணிவிட்டார். என்னிடமும் வாங்கிவிட்டார். காலையில் கிளம்பி இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்பாராம். மீதி நேரம் போக்கிடம் இல்லாமல் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வாட்ச்மேனுக்குத் தெரியும்.

உன் பயத்தைப் படித்தபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது சத்தியத்தை மீறுவதற்குக் காரணம் இருக்கிறது. முந்தாநாள் அவர் அத்தானிடம் பேசியபோது குரலே சரியில்லையாம். "வாலு படிப்பு மட்டும் நிக்காம பாத்துக்கோங்க சகலை" என்றாராம். ஏன் இப்படிப் பேசுறீங்க என்றதற்கு வைத்துவிட்டாராம். அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவரை அங்கே போய்ப் பிடிக்காதே. அவமானம் தாங்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியும் என்று மட்டும் சொல். பூட்டு எதுவும் வாங்காதே. தனியாக விடாதே.

உன்னை ஏமாற்றிய
அக்கா

---

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கம். அங்கே எல்லாரும் நலமா? உன் பதில் இன்னும் வரவில்லை. எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன். விளக்கேற்றும் நேரம். வாலு பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

இன்று மத்தியானம் புதுப் பூட்டோடு ஸ்டோரேஜுக்குப் போனேன். ஆபீசில் யாரும் இல்லை. அரை நாள் விடுமுறை என்று அட்டை தொங்கியது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான். நடையில் நான் ஒருத்திதான்.

நம் ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கிறது. வெளியே பூட்டு இல்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். காலை முன்னாலும் வைக்க முடியவில்லை, பின்னாலும் வைக்க முடியவில்லை. சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு தகரத்தைத் தட்டினேன். "யாரு உள்ளே?" என்றேன். மறுபடியும் தட்டி, கொஞ்சம் குரலை உயர்த்தி, "யாரா இருந்தாலும் மரியாதையா வெளியே வந்துரு. என் வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து இப்ப வந்துருவார்" என்று பொய் சொன்னேன். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டதா, என் மூச்சுதானா என்று தெரியவில்லை.

தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அக்கா. ஒரு பெண்பிள்ளை தனியாக எப்படித் தூக்குவேன்? ஆனால் விட்டுவிட்டு வரவும் மனமில்லை. உள்ளே ஒருத்தன் இருந்தால் மாட்டினான், இல்லாவிட்டால் இனி வரமாட்டான் என்று, புதுப் பூட்டைக் கொண்டியில் மாட்டி அழுத்தினேன். நீ சிரிப்பாய், இழுத்தும் பார்த்தேன்.

சாவி என்னிடம் மட்டும்தான். இவர் வந்ததும் சொல்லி, நாளைக் காலையில் வாட்ச்மேனையும் வைத்துக்கொண்டு திறப்போம் என்று வந்துவிட்டேன்.

இன்னும் இவர் வரவில்லை. ரிசப்ஷன் போனிலிருந்து அவர் செல்லுக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. இன்றும் வேலை முடியவில்லை போல. காலையில் வருவார்.

இத்தனை நாளில் இன்றைக்குத்தான் பயம் கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கிறது. நாளை வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது இதைத் தபாலில் போடுகிறேன்.

தங்கை

---

செப்டம்பர் 16

தங்கச்சி,

உன் கடிதம் இப்போது வந்தது. தேதியைப் பார்த்தேன். என் கடிதம் உனக்குக் கிடைத்ததா இல்லையா?

லாட்ஜுக்கு அடித்தேன். "அந்தம்மா அன்னிக்குக் காலையில படியில நின்னு ஏதோ லெட்டர் படிச்சாங்க, செருப்புகூடப் போடாம ஓடினாங்க, அப்புறம் சாயங்காலம் பாப்பாவை மட்டும் யாரோ டீச்சர் கூட்டிட்டுப் போனாங்க" என்கிறான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. அவர் செல்லுக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறதாம்.

அத்தான் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வராது, தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் எழுதுகிறேன். நான் ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால்.

ஒரு வார்த்தை எழுது. இருக்கிறார் என்று எழுது.

அக்கா

---

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொல்லியிருப்பார். இருக்கிறார். நேற்று அறைக்குக் கூட்டிவந்துவிட்டோம். அத்தான் இல்லாவிட்டால் நான் எதையும் தாங்கியிருக்க மாட்டேன். இதை அவர் கையில்தான் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் சொல்லாத சிலது இதில் இருக்கிறது.

அன்று காலை வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, என் கடிதத்தைத் தபாலில் போட்டுத் திரும்பியபின் உன் கடிதம் வந்தது, லாட்ஜ் படியில் நின்றே படித்தேன். ஓடினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார் நேத்து வெளிய வந்ததை நான் பாக்கலியேம்மா" என்றான். அப்போதுதான் அவனுக்கும் விளங்கியது. எனக்குச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தெரியவில்லை. அவன்தான் வாங்கித் திறந்தான்.

ஷட்டர் தூக்கியதும் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு. சோபாவில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. உதடு வெடித்திருந்தது. வந்திருப்பது யார் என்று யோசிக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம், "பூட்டை மாத்திட்டியா?" என்றார். அதட்டலும் இல்லை, வருத்தமும் இல்லை. உப்பு தீர்ந்துபோச்சா என்று கேட்கிற குரல்.

அக்கா, அந்தத் தகரச் சுவர் முழுக்கச் சாக்பீசால் வரைந்திருக்கிறார். நம் பழைய வீட்டு ஹால். ஜன்னல், ஜன்னல் கம்பி, சுவிட்சுப் பலகை, காலண்டர் ஆணி, வாலு உயரம் குறித்த கோடுகள்கூட. எல்லாம் அதே அளவு, ஸ்கேல் வைத்துப் போட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வாசலை மட்டும் வரையவில்லை.

டாக்டர், வெக்கையில் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பாட்டில் ஏற்றினார். அது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். இவரோடு ரொம்ப நேரம் தனியாகப் பேசினார். என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம், மாத்திரையை நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள் என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

அத்தானிடம் சொல்லாதது இதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே இவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் செல்போன் இருந்தது. அப்போது சார்ஜ் இருந்தது. அங்கே சிக்னலும் இருந்திருக்கிறது, நான் அடித்த அழைப்பு அதில் விழுந்திருக்கிறது.

கேட்டேன். "நான் தட்டினப்போ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"யாருன்னு கேட்டேனே. நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என் வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வந்துருவார்னு சொன்னே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் அந்தச் சட்டையின் கையை இழுத்து நேராக்கினேன்.

"சாயங்காலம் போன் அடிச்சது நீதான்னு தெரியும். எடுக்கணும்னு தோணல. பூட்டினது பூட்டினபடியே இருக்கட்டும்னு இருந்துச்சு" என்றார்.

இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரின் வானொலியைக் கேட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே முன்பின் தெரியாத ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்தபோது வந்த பயம் எல்லாம் ஒரு பயமா, அக்கா?

லாட்ஜ் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி ஆள் கூப்பிட்டேன். வாலுவுக்கு அப்பா உடம்பு சரியில்லை என்று மட்டும் தெரியும்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் ஒரு நாள் பிந்தியிருந்தால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன். அதனால் உன் பெயரையும் சேர்த்துத்தான் தினமும் கும்பிடுகிறேன்.

தங்கை

---

அக்டோபர் 3

அருமைத் தங்கச்சிக்கு,

அத்தான் வந்து சேர்ந்தார். உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். சுகமாம் என்றேன். மறுபடியும் மறைக்கிறேன், பார். பிறவிக் குணம். இரண்டு நாள் கழித்துப் படிக்கக் கொடுத்துவிட்டேன்.

கோபத்தை வைத்துக்கொள், எனக்கு வேண்டியதுதான். மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. கடையில் அவருக்கு ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார் அத்தான். இல்லாத வேலைதான், உண்டாக்குவார்.

அவர் எப்படி இருக்கிறார்? நீ தூங்குகிறாயா? உண்மையை எழுது.

அக்கா

---

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கம். முழங்காலுக்குப் புது டாக்டரைப் பார்த்தாயா? அத்தானுக்கு என் நமஸ்காரம். வாலு நன்றாக இருக்கிறாள். அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு படம் வரைகிறாள்.

கூப்பிட்டதற்கு நன்றி. வரவில்லை. இங்கே ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது, இரண்டு அறை. ஸ்டோரேஜைக் காலி செய்துவிட்டோம். சாமான் ஏற்றும்போது அவரும் வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன், வந்தேதீருவேன் என்றார். ஈரத்துணியால் சுவரை அவரே துடைத்தார். நான் வெளியே நடையில் நின்றுகொண்டேன்.

கீழே ஒரு மளிகைக்கடை. கடைக்காரருக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை, வீட்டுக்கணக்கு எழுதியே வந்த கை என்று சொன்னேன். "தப்பில்லாம இருந்தா சரி"ன்னு வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இன்னும் இல்லை. ஒரு மரக்கடையில் அலமாரிக்குப் படம் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள். மாத்திரை நடக்கிறது. டாக்டரம்மா போன மாதத்திலிருந்து அவரைத் தனியாக வெளியே போக விடலாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. இவர் தெருமுனை திரும்பும்வரை பார்ப்பேன். திரும்பியதும் மணியைக் குறித்துக்கொள்வேன். வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தினாலும் எழுதின கணக்கையே திரும்ப எழுதுவேன். "என்னம்மா, ஒரே வரியை எத்தனை தடவை கூட்டுவே?" என்று கடைக்காரர் கேட்கிறார். சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு வரும் நாட்களில்தான் எனக்குப் பயம் கூடுதல். எதை மறைக்கச் சிரிக்கிறார் என்று தேடுவேன். தூங்குகிறாயா என்று கேட்டிருந்தாய். இல்லை.

இன்று மத்தியானம் கடை போன் அடித்தது. கடைக்காரர் எடுத்து, "உனக்குத்தான்" என்று நீட்டினார். பேனாவை மூடாமலே வாங்கினேன்.

அவர்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார்.

"வேலைல இருக்கியா?"

"சொல்லுங்க."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"ஒண்ணுமில்ல. இங்க பெஞ்சில உக்காந்தேன். எந்திரிக்க முடியல. வீட்டு பஸ் மூணு போயிருச்சு. இன்னிக்குத் தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் வர்றியா?"

"வர்றேன். அங்கேயே இருங்க. போனை வைக்காதீங்க" என்றேன். கடைக்காரரிடம் போனைக் கொடுத்து, நான் போய்ச் சேரும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்றேன். அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. வாங்கிக் காதில் வைத்து, "சார், மரக்கடையில ஒரு கல்லாப்பெட்டி செய்ய என்ன ஆகும்?" என்று ஆரம்பித்தார். நான் ஆட்டோவில் ஏறும்போதும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கடைக்காரருக்குக் கல்லாப்பெட்டி அளவு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன். அடுத்த பஸ்ஸையும் விட்டோம்.

இப்போது தூங்குகிறார். நாளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன், நேரம் வாங்கியாயிற்று.

பயம் போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை, அக்கா. ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் போனைப் பையில் வைத்துக்கொண்டு கூப்பிடாத மனுஷன், இன்று கூப்பிட்டார். கடையில் என் இடத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். நாளையிலிருந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை இவரோடு அடிக்கடி பேசச் சொல்.

உன்
தங்கை